ஜெர்மனியில் முதல் குளிர்காலமும் முதல் தேர்வும்: தானாகச் சரியாவது எது, நாமாகச் சரிசெய்ய வேண்டியது எது?

பொருநைக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்த நான் இயந்திரப் பொறியியலில் இளநிலை முடித்துவிட்டு, கடந்த அக்டோபரில் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலவழி முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். விசா, பிளாக்டு அக்கவுண்ட் (செலவுத் தொகையை முன்கூட்டியே போட்டு, மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு), முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீடு, குடியிருப்பு அனுமதி ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல யூடியூபில் ஏராளமானோர் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னபடி செய்து அவற்றையெல்லாம் சிக்கலின்றி முடித்துவிட்டேன். அந்தப் பட்டியல் தீர்ந்த பிறகு இங்கே எப்படி இருப்பது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

முதல் கவலை படிப்பு. எங்கள் கல்லூரியில் வருகைப் பதிவு இருந்தது, மாதத்துக்கொரு அகமதிப்பீட்டுத் தேர்வு இருந்தது, மதிப்பெண் குறைந்தால் துறைத்தலைவர் வீட்டுக்கே தொலைபேசியில் அழைத்துவிடுவார். இங்கே வகுப்புக்கு வந்தாயா என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் பருவம் முழுவதும் படித்தது அனைத்தும் பிப்ரவரியில் நடக்கவிருக்கும் ஒரே ஒரு எழுத்துத் தேர்வில் தீர்மானமாகிறது. வகுப்பில் அமர்ந்திருக்கும்போது புரிவதுபோல் இருக்கிறது. பயிற்சித் தாளை எடுத்தால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. எனக்கு உண்மையில் புரிகிறதா இல்லையா என்பதை அறிந்துகொள்ளவே வழி தெரியவில்லை.

மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதால், நூலகத்திலிருந்து வெளியே வரும்போது நாள் முடிந்துவிட்டது என்ற சோர்வு வந்துவிடுகிறது. விடுதியில் என்னுடன் மூன்று தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் முறைவைத்துச் சமைக்கிறோம், அவர்கள் நல்லவர்கள். ஆனால் நாளெல்லாம் அவர்களோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் எதற்காக இத்தனை தொலைவு வந்தோம் என்ற கேள்வி எழுகிறது. ஆய்வகக் குழுவில் என்னோடு வேலை செய்த ஜெர்மன் மாணவர் மிகவும் அன்பாகப் பழகினார். அந்தப் பணி முடிந்த பிறகு வழியில் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறார். நான் ஏதாவது தவறாக நடந்துகொண்டேனா என்றுகூட யோசித்துப் பார்த்தேன்.

கல்விக் கடனும் இருக்கிறது. பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது. அது போதும் என்றாலும், அது அப்பா வாங்கிய கடன் என்பதை நினைக்காமல் ஒரு காப்பிகூடக் குடிக்க முடியவில்லை. இரவுநேரக் கிடங்கு வேலைக்கு வரும்படி அறை நண்பர் அழைக்கிறார். நேர வேறுபாடு நான்கரை மணி என்பதால், நான் அறைக்குத் திரும்பும் நேரத்தில் வீட்டில் உறங்கப் போய்விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

நான் கேட்க விரும்புவது இதைத்தான். இவற்றில் எவை காலம் செல்லச் செல்லத் தாமாகவே சரியாகும், எவற்றுக்கு நான் இப்போதே ஏதாவது செய்தாக வேண்டும்? முன்பே இந்த வழியில் வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நொய்யல் எழுதுகிறார்:

தம்பி, வணக்கம். நான் கோயம்புத்தூரைச் சேர்ந்தவள். இங்கேயே முதுநிலை முடித்து, இப்போது மேற்கு ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். முதுநிலை மாணவர்களுக்கான பயிற்சி வகுப்புகளை எடுப்பதும் என் வேலையில் அடங்கும் என்பதால், உங்களைப் போன்றவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. இருட்டு தானாகப் போகும், தனிமை பாதி தானாகவும் பாதி உங்கள் முயற்சியாலும் குறையும், தேர்வு மட்டும் தானாகச் சரியாகாது. ஆகவே தேர்விலிருந்து தொடங்குகிறேன்.

நம் ஊர்க் கல்லூரியில் மாணவனைக் கண்காணிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு இருக்கிறது. இங்கே அந்தப் பொறுப்பு முழுவதும் மாணவனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. உங்களை யாரும் கேட்காமல் இருப்பதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். நீங்கள் வயதுவந்தவர், வேண்டியதை நீங்களே வந்து கேட்பீர்கள் என்பது இந்த அமைப்பின் அடிப்படை எண்ணம். அதன் மறுபக்கம் என்னவென்றால், கேட்பவருக்கு இங்கே கிடைக்கும் உதவி நம் ஊரில் கிடைப்பதைவிட அதிகம். பேராசிரியருக்கும் அவரது உதவியாளர்களுக்கும் மாணவர்களைச் சந்திக்கவென்றே நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் பல பாடங்களுக்குச் சந்தேகம் தீர்க்கும் அமர்வுகள் நடக்கும்; சாக்சனியில் அதைக் கன்சல்டேஷன் என்றே அழைக்கிறார்கள். அங்கே வெறுங்கையோடு போய் "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று சொன்னால் பயனில்லை. பயிற்சித் தாளில் எந்தக் கணக்கில், எந்த வரியில் நின்றுபோனீர்கள் என்பதைக் காட்டினால், அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள்.

உங்களுக்குப் புரிகிறதா இல்லையா என்பதை அறிய நம்பகமான வழி பழைய வினாத்தாள்கள்தாம். ஒவ்வொரு துறையிலும் ஃபாக்ஷாஃப்ட் என்ற மாணவர் பிரதிநிதிக் குழு இருக்கிறது; முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களையும் வாய்மொழித் தேர்வுகளில் கேட்கப்பட்ட கேள்விகளின் குறிப்புகளையும் சேர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் அவர்கள்தாம். ஆங்கிலவழி மாணவர்களில் பலருக்கு இப்படி ஓர் அறை வளாகத்தில் இருப்பதே தெரியாது. நேரத்தை அளந்துகொண்டு ஒரு வினாத்தாளை முழுமையாக எழுதிப் பாருங்கள். தேர்வறைக்குள் எதை எடுத்துச் செல்லலாம் என்பதையும் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில பாடங்களுக்குக் கைப்பட எழுதிய குறிப்புத்தாளை அனுமதிப்பார்கள். சிலவற்றில் கால்குலேட்டரின் வகையைக்கூடக் கட்டுப்படுத்தியிருப்பார்கள்.

மதிப்பெண் முறையை உங்கள் பெற்றோருக்கும் விளக்கிவிடுங்கள். இங்கே 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 என்றால் தோல்வி. இளநிலையில் எண்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வாங்கியவர் முதல் பருவத்தில் 3.3 வாங்கினால் வீட்டில் இடிந்துபோகிறார்கள். அது தேர்ச்சிதான், பலருக்கும் முதல் பருவம் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு பாடத்தில் எத்தனை முறை தோற்கலாம் என்பதற்குக் கண்டிப்பான வரம்பு உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதல் முயற்சிக்குப் பிறகு இரண்டு மறுதேர்வுகள்தாம். கட்டாயப் பாடம் ஒன்றில் அந்த வாய்ப்புகளும் தீர்ந்துபோனால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கப்படுவீர்கள், ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பைத் தொடர்வது பொதுவாக இயலாது. குடியிருப்பு அனுமதியும் அந்தப் படிப்போடு கட்டப்பட்டிருக்கிறது. நம் ஊரில் அரியர் வைத்துப் பிறகு முடித்துக்கொள்ளலாம் என்ற பழக்கத்தோடு வருபவர்களுக்கு இந்த ஒரு விதி தெரியாமல் போவதுதான் பெரும் ஆபத்து. உங்கள் படிப்புக்கான தேர்வு விதிமுறை பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும். அது ஜெர்மன் மொழியில் இருந்தாலும் ஒரு மாலை செலவழித்து மொழிபெயர்த்துப் படியுங்கள்.

இருட்டைப் பற்றி: உங்கள் சோர்வில் ஒரு பகுதி மனத்தைச் சார்ந்ததே அல்ல, ஊர் இருக்கும் இடத்தைச் சார்ந்தது. சாக்சனியில் டிசம்பர் இறுதியில் பகல் ஏறத்தாழ எட்டு மணி நேரம். திருநெல்வேலியில் அதே நாளில் பதினொன்றரை மணி நேரம். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தில் வளர்ந்த உடல் இதைக் கவனிக்காமல் இருக்காது. அக்டோபர் முதல் மார்ச் வரை இங்குள்ள வெயிலில் உடல் போதிய அளவு வைட்டமின் டி உற்பத்தி செய்வதில்லை, தோல் நிறம் அடர்த்தியாக உள்ளவர்களுக்கு அது இன்னும் குறைவு. மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் அளவைப் பார்த்துக்கொண்டு, அவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் சொன்னார்கள் என்று அதிகமாக விழுங்க வேண்டாம். நண்பகலில் மென்சா என்ற மாணவர் உணவகத்துக்குப் போகும்போது இருபது நிமிடம் வெளியே நடந்துவிட்டு வருவதை ஒரு கடமையாகவே வைத்துக்கொள்ளுங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் அறை விளக்கைவிட வெளியே வெளிச்சம் பல மடங்கு அதிகம். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள், ஜூனில் பகல் பதினாறு மணி நேரத்தைத் தாண்டிவிடும். அப்போது வெளிச்சத்தில் எப்படித் தூங்குவது என்று இங்கே வந்து கேட்பீர்கள்.

அந்த ஜெர்மன் மாணவர் விஷயத்தில் நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இங்கே பழக்கம் பெரும்பாலும் ஒரு செயலைச் சுற்றி வளர்கிறது. அந்தச் செயல் முடிந்தால் பழக்கமும் ஓய்ந்துவிடும், வேறொரு செயல் கிடைத்தால் மீண்டும் துளிர்க்கும். இந்த நாட்டில் சதுரங்கத்துக்கும், சேர்ந்திசைக்கும், மலையேற்றத்துக்கும், தோட்டம் போடுவதற்கும் தனித்தனியே சங்கங்கள் இருக்கின்றன. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைச் சட்டப்படி பதிவுசெய்துவிடலாம். வாரந்தோறும் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், ஒரே முகங்களைப் பார்க்கும்படியான ஒன்றில் சேருங்கள். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் கைப்பந்து முதல் நீச்சல் வரை குறைந்த கட்டணத்தில் வகுப்புகள் உண்டு. கோடைப் பருவத்துக்கான பதிவு பெரும்பாலும் மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ திறக்கும். விரும்பப்படும் வகுப்புகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும் என்பதால் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் யாரும் உங்களிடம் அதிகம் பேச மாட்டார்கள். அதைக் கண்டு விலகிவிடாமல் தொடர்ந்து போனால், ஒருநாள் நீங்கள் வராததைக் கவனித்து யாராவது விசாரிப்பார்கள்.


இரவுப்பணி எழுதுகிறார்:

மேலே எழுதியுள்ள சகோதரி படிப்பைப் பற்றிச் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தமிழ் நண்பர்களோடு இருப்பதைப் பற்றி நீங்கள் கொண்டிருக்கும் குற்ற உணர்வை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். வெளிநாட்டுக்கு வந்தால் நம் ஆட்களை விட்டு விலகியிருக்க வேண்டும், அப்போதுதான் முன்னேறலாம் என்று ஒரு போதனை எல்லா இடங்களிலும் சுற்றுகிறது. அதை நான் ஏற்கவில்லை. காய்ச்சலில் படுத்திருக்கும்போது ரசம் வைத்துத் தருபவர், வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி புரியாதபோது கூட உட்கார்ந்து படித்துப் பார்ப்பவர், கிறிஸ்துமஸ் வாரத்தில் ஊரே அடைத்துக் கிடக்கும்போது ஒரு வேளை சோற்றுக்குக் கூப்பிடுபவர், இவர்களெல்லாம் பெரும் சொத்து. அந்தச் சமையலறை இருப்பதால்தான் வெளியே போய்ப் புதியவர்களோடு பழகும் தெம்பு வருகிறது. அந்தச் சமையலறைப் பேச்சு முழுவதும் யார் எந்த வேலையில் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பதைப் பற்றியே இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

அதனால்தான் கிடங்கு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள்களோ 280 அரை நாள்களோ வேலை செய்யலாம். நான்கு மணி நேரம் வரை அரை நாள், அதற்கு மேல் முழு நாள். 2024 மார்ச்சுக்கு முன்பு இது 120, 240 என்று இருந்தது, பல பழைய காணொளிகளில் இன்னும் அந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். பருவம் நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது மாணவர் காப்பீட்டுச் சலுகையோடு சேர்ந்த பொதுவான வரம்பு. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. ஆகவே வாரம் இரண்டு இரவுகள் போனாலே கையில் ஒரு தொகை வரும் என்று உங்கள் நண்பர் சொல்வது பொய்யில்லை.

ஆனால் இப்போது ஜனவரி, தேர்வு பிப்ரவரியில். இரவில் நின்றுகொண்டே பெட்டிகளை அடுக்கிவிட்டு வந்தால் மறுநாள் பகல் போய்விடும். பகலே எட்டு மணி நேரம்தான் என்று சகோதரி சொல்லியிருக்கிறார். அதையும் தூங்கிக் கழித்தால் உங்கள் சோர்வு எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தேர்வு தவறி, அதனால் படிப்பு ஒரு பருவம் நீண்டால், மாதம் 992 என்ற கணக்கிலேயே ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ கூடுதல் செலவு. அத்துடன் பருவக் கட்டணம் வேறு. கிடங்கில் சம்பாதித்ததை அது விழுங்கிவிடும். தேர்வுகள் முடிந்த பிறகு ஏப்ரல் தொடக்கம் வரை வகுப்புகள் இல்லாத வாரங்கள் வரும். அந்த வாரங்களில் முழுநேர வேலை செய்து உங்கள் 140 நாள்களில் ஒரு பகுதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறந்தது, பல்கலைக்கழகத்திலேயே ஆய்வக உதவியாளர் வேலை கேட்பது. ஹீவி என்று அழைக்கப்படும் அந்த வேலை 140 நாள் கணக்கில் சேராது, உங்கள் துறைக்காரர்களோடு பழக்கமும் ஏற்படும், பிற்பாடு முதுநிலை ஆய்வேட்டுக்கு வழிகாட்டியைத் தேடும்போது அங்கே உங்களை ஏற்கெனவே அறிந்தவர்கள் இருப்பார்கள். முதல் பருவத்தின் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. மாணவர் அனுமதியில் இருப்பவர்கள் தனி ஒப்புதல் இல்லாமல் சுயதொழிலாக எதையும் செய்யக் கூடாது. உணவு விநியோகத்தில் சில ஒப்பந்தங்கள் உங்களைத் தொழிலாளியாக எடுத்துக்கொள்ளும், சில உங்களைத் தனி ஒப்பந்தக்காரராகக் காட்டும். கையெழுத்திடும் முன் எது என்று பாருங்கள். ஒரு நிறுவனத்தில் எனக்கு அப்படி ஒரு தாளை நீட்டினார்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் காட்டிக் கேட்ட பிறகுதான் வேண்டாம் என்று சொன்னேன். அந்த அலுவலகத்தில் இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது.


வடமராட்சியான் எழுதுகிறார்:

தம்பி, நான் இலங்கையின் வடபகுதியைச் சேர்ந்தவன். 1984இல் இந்த நாட்டுக்கு வந்தேன். மாணவனாக வரவில்லை, 1983 கலவரத்துக்குப் பிறகு அகதியாக வந்தவர்களில் நானும் ஒருவன். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் வந்த எங்களில் பலரை வெவ்வேறு ஊர்களில் உள்ள விடுதிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அனுமதியில்லாமல் அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூட முடியாது, வேலை செய்யவும் தடை இருந்தது. உங்களுடைய நிலையை எங்களுடையதோடு ஒப்பிட்டு, உங்களுக்கு என்ன குறை என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அப்படிச் சொல்லும் பெரியவர்கள் எங்களில் உண்டு, அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடன் வாங்கிப் படிக்க வந்த பிள்ளையின் பாரம் வேறு வகையானது.

நாங்கள் கற்றுக்கொண்டதில் உங்களுக்குப் பயன்படக்கூடியது மொழியைப் பற்றியது. எங்கள் தலைமுறையில் உணவகத்தின் பின்கட்டில் வேலை செய்தபடியே ஜெர்மன் மொழியைக் கற்றவர்களும் உண்டு, முப்பது ஆண்டுகள் கழிந்தும் மருத்துவரிடம் போகப் பிள்ளைகளைத் துணைக்கு அழைத்துச் செல்பவர்களும் உண்டு. இருவருடைய வாழ்க்கையும் ஒரே ஊரில்தான் நடந்தது, ஆனால் ஒரே வாழ்க்கை அல்ல. உங்கள் படிப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். விடுதிப் பொறுப்பாளர், காப்பீட்டு அலுவலகம், பேருந்து ஓட்டுநர், ஆய்வகத்தில் தேநீர் இடைவேளைப் பேச்சு எல்லாம் ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன. மேசையில் நால்வர் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது மனிதரை மெல்ல மெல்லச் சுருக்கிவிடும். படிப்பை முடித்த பிறகு வேலை தேடுவதற்கு உங்களுக்குப் பதினெட்டு மாதங்கள் வரை அனுமதி தருகிறார்கள். அப்போது போய் மொழியைத் தொடங்கினால் காலம் போதாது. பல்கலைக்கழக மொழி மையத்தில் கட்டணமில்லாமலோ குறைந்த கட்டணத்திலோ வகுப்புகள் இருக்கும், இந்தப் பிப்ரவரிக்குப் பிறகு அதில் சேர்ந்துவிடுங்கள். நீங்கள் ஜெர்மன் பேசத் தொடங்கியதும் எதிரில் இருப்பவர் உதவும் எண்ணத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். ஜெர்மன் மொழியிலேயே கதைக்க விரும்புகிறேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் எங்கள் ஆட்கள் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன். ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் நாங்கள் மேற்குப் பகுதியில்தான் குடியேறினோம் என்பதால், இன்றும் ஈழத்தமிழர் கடைகளும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் பெரும்பாலும் நோர்ட்ரைன்–வெஸ்ட்ஃபாலன் போன்ற மேற்கு மாநிலங்களில்தான் இருக்கின்றன. ஹாம் நகரின் உவென்ட்ரொப் பகுதியில் உள்ள ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்துக்கு 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் நடக்கும் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் சனம் வரும். மாதம் 63 யூரோ விலையுள்ள டொய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுவதும் உள்ளூர், வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சீட்டு) உங்களிடம் இருந்தால் மெதுவான ரயில்களில் மாறி மாறி வந்துவிடலாம். நாள் முழுவதும் ஆகும், ஆனால் அறை நண்பர்களோடு வந்தால் அதுவும் ஒரு பயணம்தான். சாமி கும்பிடுகிற பழக்கம் இல்லாவிட்டாலும் வந்து பாருங்கள். அன்னதானத்தில் பக்கத்து இலையில் இருப்பவர் உங்களைப் போல இங்கே படித்துவிட்டு வேலையில் இருக்கும் ஒருவராக இருக்கக்கூடும்.

வீட்டாரிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்களும் அப்படித்தான் கடிதம் எழுதினோம். அவர்கள் அதை நம்பியதாக எங்களுக்குத் தோன்றியது; பிறகு போய்ப் பார்த்தபோது ஒருவரும் நம்பியிருக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. தேர்வு முறை வேறாக இருக்கிறது, முதல் முறை மதிப்பெண் குறையலாம், பழகிக்கொண்டிருக்கிறேன் என்று உண்மையான ஒரு செய்தியைச் சொல்லுங்கள். அதனால் அம்மாவுக்குக் கவலை அதிகமாகிவிடாது. என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டதால் ஓரளவு குறையவும் கூடும். நீங்கள் காலை எட்டு மணிக்கு எழுந்தால் அங்கே பன்னிரண்டரை. சமையல் முடிந்து அவர் சற்று ஓய்வாக இருக்கும் நேரம் அது. மாலைக்குக் காத்திருக்காமல் அப்போது பத்து நிமிடம் கதைக்கலாமே.


பொருநைக்கரை மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி இன்று காலையில் அம்மாவிடம் பேசினேன். கிடங்கு வேலையை மார்ச் வரை தள்ளிப்போடுவதாக நண்பரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. இந்தப் பருவத்தில் ஐந்து பாடங்களுக்குத் தேர்வுப் பதிவு செய்திருக்கிறேன், மொத்தம் 30 கிரெடிட். ஃபாக்ஷாஃப்டில் வாங்கிய பழைய வினாத்தாள்களை எழுதிப் பார்த்ததில் மூன்றில் தேறிவிடலாம் என்று தோன்றுகிறது, இரண்டில் பாதிகூட வரவில்லை. அந்த இரண்டிலிருந்து விலகிக்கொள்வது சரியா, அல்லது எழுதிப் பார்ப்பது சரியா? அடுத்து, தூக்கம் சரியாக வருவதில்லை. பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆலோசனை உண்டு என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். அங்கே போனால் அது ஏதேனும் பதிவேட்டில் ஏறி, குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது சிக்கலாகுமோ என்று அஞ்சுகிறேன்.


நொய்யல் எழுதுகிறார்:

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்த அச்சத்தால் பலர் போகாமலே இருந்துவிடுகிறார்கள். அந்த ஆலோசனையை வழங்குவது பெரும்பாலும் ஸ்டூடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு. உங்கள் மென்சாவையும் விடுதியையும் நடத்துவதும் அதுதான், நீங்கள் பருவந்தோறும் கட்டும் தொகையில் ஒரு பகுதி அதற்குத்தான் போகிறது. ஆலோசகர்கள் சட்டப்படி இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். நீங்கள் வந்ததையோ பேசியதையோ உங்கள் அனுமதியின்றிப் பேராசிரியருக்கும் சொல்ல மாட்டார்கள், வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் சொல்ல மாட்டார்கள். பல ஊர்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். தேர்வுக் காலத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும் என்பதால் இன்றே மின்னஞ்சல் எழுதி நேரம் கேளுங்கள். அதற்குள் ஓர் இரவு தாங்க முடியாததாகத் தோன்றினால், டெலிஃபோன்சேல்சோர்கே என்ற உதவி எண் 0800 1110111 நாள் முழுவதும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை. அது பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் இயங்குவது. எடுப்பவரிடம் ஆங்கிலத்தில் பேச முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தூக்கமின்மை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் குடும்ப மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கே ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, பயிற்சி, சொந்தப் படிப்பு எல்லாம் சேர்ந்து 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கிறது. ஆறு கிரெடிட் பாடம் என்றால் 150 முதல் 180 மணி நேரம். இதுவரை ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் கொடுத்திருப்பீர்கள் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். தேர்வுக்கு எஞ்சியிருக்கும் வாரங்களில் ஐந்தையும் நிரப்ப முடியாது என்பது உங்களுக்கே தெரியும். வலுவாக உள்ள மூன்றை 2.0 அளவுக்கு உயர்த்தவே அந்த வாரங்கள் தேவைப்படும்.

ஆனால் விலகுவதற்கு முன் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இரண்டு பாடங்களின் தேர்வு மீண்டும் எப்போது வரும் என்பது முதலாவது. சில பாடங்களுக்கு ஒவ்வொரு பருவத்திலும் தேர்வு உண்டு, சிலவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான். எந்த நாள் வரை விலகினால் அது முயற்சியாகக் கணக்கிடப்படாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வேறுபடுகிறது. கெடு கடந்த பிறகு தேர்வறைக்குப் போகாமல் இருந்தால் 5.0 என்று பதிவாகி, ஒரு வாய்ப்பு வீணாகிவிடும். அன்று உடல்நலம் சரியில்லை என்றால் மருத்துவச் சான்றிதழை உடனே தேர்வு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும், பின்னர் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். மூன்றாவதாக, அந்த இரண்டில் எதுவாவது அடுத்த பருவப் பாடத்துக்கு முன்நிபந்தனையாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அதை எழுதிப் பார்ப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. இல்லையென்றால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டிலிருந்தும் விலகி, கோடைப் பருவத்தில் ஒன்றையும் அடுத்த குளிர்காலத்தில் ஒன்றையும் எழுதுவேன். நான்கு பருவப் படிப்பை ஐந்தில் முடிப்பது இங்கே மிகச் சாதாரணம். அதற்கான செலவை இரவுப்பணி மேலே சொல்லியிருக்கிறார், அதையும் தட்டில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆயினும் ஒரு பாடத்தில் மூன்றாவது வாய்ப்பு வரை தள்ளப்படுவதைவிட அந்தச் செலவு சிறியது.

தேர்வு முடிவு வந்த பிறகு திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்வையிட ஒரு நாள் அறிவிப்பார்கள். தேறினாலும் தேறாவிட்டாலும் அதற்குப் போங்கள். எங்கே மதிப்பெண் குறைந்தது, விடை எழுதும் முறையில் அவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பது அந்தத் தாளைப் பார்த்தால்தான் விளங்கும். நம் மாணவர்களில் பலர் படிநிலைகளை எழுதாமல் விடையை மட்டும் எழுதி மதிப்பெண் இழப்பதை நான் திருத்தும்போதே பார்த்திருக்கிறேன்.

விலகும் கெடுவைத் தேர்வு அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், இணையப் பக்கத்தில் இருப்பது சென்ற பருவத்துத் தேதியாகவும் இருக்கலாம். வாரத்தில் சில மணி நேரங்கள்தாம் அவர்கள் மாணவர்களைப் பார்ப்பார்கள், வெள்ளிக்கிழமை பிற்பகலில் பெரும்பாலும் மூடியிருக்கும். மாணவர் அட்டையையும் பாடக் குறியீட்டு எண்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விலகியதற்கான உறுதிப்படுத்தல் மின்னஞ்சல் வந்ததும் அதைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.